சோற்றை விட்டால் சுகர் இறங்குமா?

கேள்வி: தைப்பிங் வாசகர், 2025 ஜூலை 6

வயது 34. கமுந்திங்கில் தொழிற்சாலை வேலை, ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. எடை 94 கிலோ. போன மாதம் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு ‘எல்லைக்கு வந்துட்டீங்க’ என்றார்கள், அதாவது சுகர் வியாதிக்கு முந்தின கட்டம். சோற்றை விட்டுவிடு, எல்லாம் தானாக இறங்கிவிடும் என்று கூட்டாளிகள் சொல்கிறார்கள். நம் இந்தியர் சாப்பாடுதான் இந்த வியாதிக்கே காரணம் என்று நானும் நம்ப ஆரம்பித்துவிட்டேன். விட்டுப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

ஜூலை 6, இரவு

நான் விட்டுப் பார்த்தேன் தம்பி. ஊர் சுங்கை சிப்புட், வயது 52, செம்பனைக் (பாமாயில் பனை) குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறேன். எனக்கும் அதே ‘எல்லை’ கதைதான், போன வருடக் கடைசியில் வெறும் வயிற்றில் 6.4 மில்லிமோல். அதே உபதேசம்தான் எனக்கும் கிடைத்தது. மதியம் முட்டையும் கீரையும் மட்டும் சாப்பிட்டுவிட்டு பெரிய சாதனை செய்த மாதிரி லோரி ஏறுவேன். நாலு மணிக்கு எண்ணெய் மில்லில் வரிசையில் நிற்கும்போது கண் இருட்டும், கால் தானாக ஒட்டுக்கடைக்குப் போகும், ரொட்டி சானாய் (நம் பரோட்டா மாதிரி) ஒன்று போதாது, இரண்டாவதுக்கு டால் போதாது என்று மீன் குழம்பையும் ஊற்றச் சொல்வேன். சோற்றை விட்டவன் மைதாவைப் பிடித்துக்கொண்டேன், நடந்தது அவ்வளவுதான். எடை அசையவே இல்லை, வீட்டில் சண்டை மட்டும் மிச்சம்.

சோற்றுக்கு வக்காலத்து வாங்கவில்லை. குறைக்க வேண்டியதுதான். ஆனால் ‘சோற்றை விடு’ என்று சொல்கிறவர்கள், சொல்லும்போது கையில் என்ன பிடித்துக்கொண்டு சொல்கிறார்கள் என்று ஒரு தடவை பார். முக்கால்வாசிப் பேர் கையில் தே தாரிக் இருக்கும், கெட்டிப்பால் போட்டு இழுத்து ஆற்றும் தேத்தண்ணி.

ஜூலை 7

கூலிமிலிருந்து ஒருவர் ‘இதெல்லாம் பணக்கார வியாதி, நம் தோட்டத்து ஆட்களுக்கு வராது’ என்று எழுதியிருக்கிறார். ஐயா, எந்தக் காலத்தில் இருக்கிறீர்கள்? மலேசியச் சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வில் 2019-இல் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் 31.4 விழுக்காடு, மூன்றில் ஒருவருக்குக் கொஞ்சம் குறைவு. 2023 ஆய்வில் நாட்டின் மொத்தக் கணக்கு 15.6-க்கு இறங்கியிருக்கிறது, அதில் சந்தோஷம்தான், ஆனால் அதே ஆய்வில் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள் 54.4 விழுக்காடு, பாதிக்கு மேல். ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்ப் பந்தியில் சுற்றிப் பாருங்கள், ஆய்வு தேவையில்லை.

இன்னொன்று, ‘நான் குண்டு இல்லையே’ என்று நினைப்பவர்களுக்கு. நம் ஆட்களுக்குக் கொழுப்பு வயிற்றைச் சுற்றித்தான் சேர்கிறது. அதனால்தான் ஆசியர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்று தனி வரம்பு வைத்திருக்கிறார்கள். தையல்காரர் டேப்பை எடுத்துத் தொப்புள் மட்டத்தில் வைத்துப் பாருங்கள். பேன்ட் அளவை நம்ப வேண்டாம், நாம் எல்லாரும் தொப்பைக்குக் கீழேதான் பேன்ட் போடுகிறோம்.

ஜூலை 12

நிறையப் பேர் கேட்டதால் நான் என்ன செய்தேன் என்று எழுதுகிறேன், இது கொஞ்சம் நீளும்.

டயட் எதுவும் தொடங்கவில்லை. என்ன வாயில் போனாலும் எழுதி வைப்போம் என்று மட்டும் முடிவு செய்தேன். தாளுக்கு எங்கே போவது, மில்லில் எடை போட்டுக் கொடுக்கும் சீட்டின் பின்பக்கத்தில் எழுதினேன். முன்பக்கம் குலை எத்தனை டன், பின்பக்கம் நான் எவ்வளவு ஏற்றினேன் என்று.

லோரிக்காரன் பிழைப்பு தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஓட்டுவதைவிடக் காத்திருப்பதுதான் அதிகம். வெட்டின குலையை 24 மணி நேரத்துக்குள் வேகவைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெயின் தரம் கெடும், அதனால் காய் அதிகம் வரும் மாதங்களில் எல்லா லோரியும் ஒரே நேரத்தில் மில் வாசலில் நிற்கும். இரண்டு மணி நேரம், சில நாள் மூன்று மணி நேரம். ஏர்கோன் ஓடாது, போனில் பார்க்க ஒன்றுமில்லை, பக்கத்து லோரிக்காரர் ‘வாண்ணே, ஒரு தண்ணி அடிச்சிட்டு வருவோம்’ என்பார். (சாராயம் இல்லை, தேத்தண்ணிதான்.)

அந்தச் சீட்டுகளை ஒரு நாள் மேசைமேல் பரப்பிப் பார்த்தபோது சோறு ஓரமாக ஒரு வரியில் இருந்தது. மிச்சம் எல்லாம் காத்திருந்த நேரத்துக் கணக்கு. காலை பசியாறும்போது தே தாரிக், தோட்டத்தில் ஏற்றும்போது கூலிக்காரர்களோடு காப்பி, மில்லில் மைலோ ஐஸ், கூடவே பிசாங் கோரெங் (பொரித்த வாழைப்பழம்), திரும்பி வரும்போது வெயிலுக்கு ஒரு போத்தல் இனிப்புத் தண்ணி, இரவு தவறணை (கள்ளுக்கடை) பக்கம் போகாத நல்ல பிள்ளையாக மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) இன்னொரு தே தாரிக். என்னை நானே நல்லவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், குடிப்பழக்கம் இல்லை என்று.

தே தாரிக் போடுவதை ஒருநாள் நின்று கவனியுங்கள். கடைக்காரர் டின்னைத் திறந்து கரண்டியை உள்ளே விடுவார், அது மேலே வரும்போது கெட்டிப்பால் கரண்டியோடு நிற்காது, விளிம்பில் நூல் போலத் தொங்கி அரை கரண்டி கூடுதலாகவே கிளாஸில் இறங்கும், அப்புறம் ‘அண்ணனுக்கு’ என்று அன்பாக இன்னும் கொஞ்சம். அந்த டின்னில் இருப்பது பால் என்று நினைத்திருந்தேன். லேபிளைத் திருப்பிப் படித்தால் ‘கிரீமர் மானிஸ்’, அதாவது சர்க்கரை, பாமாயில், கொஞ்சம் பால் பொருள். ஏறத்தாழப் பாதி சர்க்கரை. நான் ஏற்றிக்கொண்டு போகும் குலையின் எண்ணெய் சுற்றி வந்து என் கிளாஸிலேயே இறங்குகிறது பாருங்கள்.

ஜூலை 13

தாப்பா அக்கா ‘குராங் மானிஸ் (இனிப்பு கம்மி) என்று சொல்லி வாங்கலாமே’ என்று கேட்கிறார். சொல்லலாம் அக்கா. எங்கள் கடையில் குராங் மானிஸ் என்று சொன்னால் கரண்டியைக் கொஞ்சம் சாய்த்துப் போடுவார்கள், அளவு அதேதான்.

ஜூலை 20

போத்தல் தண்ணி, அதாவது கடையில் விற்கும் இனிப்புப் பானம் பற்றி. தைப்பிங் தம்பி ‘நான் சர்க்கரை கம்மியான தண்ணிதான் குடிக்கிறேன், போத்தலில் போட்டிருக்கிறது’ என்று எழுதியதால் இதைச் சொல்கிறேன்.

2019 ஜூலை 1 முதல் இனிப்புப் பானங்களுக்கு வரி வந்தது தெரியும்தானே. 100 மில்லியில் 5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் அப்போது லிட்டருக்கு 40 காசு. வரியைத் தவிர்க்கப் பல கம்பெனிகள் சர்க்கரையை 5-க்குக் கீழே கொண்டுவந்துவிட்டன. நல்லதுதான், அரசாங்கம் செய்ததில் உருப்படியான காரியம் என்றுதான் சொல்வேன். ஆனால் கணக்குப் போட்டுப் பார். 100 மில்லிக்கு 4.9 கிராம், அரை லிட்டர் போத்தல், மொத்தம் 24 கிராமுக்கு மேல். கரண்டிக் கணக்கில் ஆறு தேக்கரண்டி. உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சேர்க்கும் சர்க்கரையை 25 கிராமுக்குள் வைத்தால் இன்னும் நல்லது என்கிறது. ஆக ஒரு போத்தலோடு உன் நாள் முடிந்தது, இன்னும் காலை பசியாறவே இல்லை.

வாங்கும் முன் சேர்மானப் பட்டியலைப் படி. எது எடையில் அதிகமோ அதைத்தான் முதலில் போட வேண்டும் என்பது விதி. மூன்று-இன்-ஒன் காப்பிப் பாக்கெட்டைத் திருப்பிப் பார், காப்பித் தூளின் பேரை எங்கே தேட வேண்டியிருக்கிறது என்று தெரியும். ‘ஓட்ஸ்’ என்று பெரிதாகப் போட்டு விற்கும் பொட்டலங்களும் பல அப்படித்தான். என் மகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவது ஆரோக்கியம் என்று நாங்கள் நினைத்ததும் அந்த வகைதான். அதைப் பற்றி வீட்டில் பேசினால் எனக்குச் சோறு கிடைக்காது.

ஆகஸ்ட் 2

பாகான் சிராய் அண்ணன் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. ‘நம் அப்பன் பாட்டன் எல்லாம் மூன்று வேளையும் சோறு தின்றுதானே வாழ்ந்தார்கள், அவர்களுக்கு என்ன வந்தது?’

எங்கள் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினவர். விடியலுக்கு முன் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு), வெயில் ஏறினால் பால் ஓட்டம் நின்றுவிடும் என்பதால் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே மரத்துக்கு மரம் ஓட்டம், அப்புறம் பாலைச் சேர்த்துக் காண்டாவில் (தோள் கம்பு) தூக்கிக்கொண்டு மேடு பள்ளம் ஏறி இறங்கி ஸ்டோருக்கு வருவார். மதியம் மங்குத் தட்டில் மலை மாதிரி சோறு, கருவாட்டுக் குழம்பு, மரவள்ளி இலை. சாயந்தரம் மாட்டுக்குப் புல் அறுக்கப் போவார். அந்தச் சோறு எங்கே போயிற்று என்று கேட்கவே தேவையில்லை.

தோட்டம் செம்பனைக்கு மாறியது, லயத்தை (தோட்டத்து வரிசை வீடுகள்) இடித்தார்கள், நாங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்தோம். வேலை போயிற்று, தட்டு அப்படியே இருந்தது. இந்த விளக்கம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது, எங்கே போனாலும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது முழுவதுமாக அப்படிச் சொல்லத் தோன்றவில்லை. ஏனென்றால் அம்மாவும் பால் வெட்டினவர்தான். அதே மேடு, அதே பள்ளம், அதற்கு மேல் வீட்டு வேலை. சோற்றை எல்லாருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் இருப்பதைத்தான் சாப்பிட்டார். அவருக்குத்தான் முதலில் சுகர் வந்தது. அப்பாவுக்குக் கடைசி வரை இல்லை. ஏன் என்று அம்மாவிடமே கேட்டுப் பார்த்தேன். ‘சோறு பத்தலைன்னா தேத்தண்ணியில சீனியைப் போட்டுக் குடிச்சிட்டுப் படுத்துக்குவோம், பிஸ்கட்ட முக்கிக்குவோம்’ என்றார். பசியை அடக்கச் சீனி. லயத்தில் இருந்த காலத்திலேயே தொடங்கிய பழக்கம் அது, தாமானுக்கு வந்த பிறகு வந்ததில்லை. கர்ப்ப காலத்துச் சுகர், பரம்பரை, இதெல்லாமும் இருக்கும், நான் டாக்டர் இல்லை. ஆனால் ‘அந்தக் காலத்துச் சாப்பாடு சுத்தம்’ என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் அப்பாவின் தட்டை மட்டும்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 3

சின்னச் சின்னதாக வந்தவைகளுக்குப் பதில்.

குலா மெலாக்கா, கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை எல்லாம் சர்க்கரைதான். வாசனை நல்லா இருக்கும், இரத்தத்துக்கு வாசனை தெரியாது.

பழைய சோறு சாப்பிட்டால் சுகர் ஏறாது என்பது பாதி உண்மைகூட இல்லை. வெந்த சோறு ஆறும்போது மாவுச்சத்தில் ஒரு பகுதி சீக்கிரம் செரிக்காத வகையாக மாறுகிறது, அது உண்மை. ஆனால் அது கொஞ்சம்தான். இரண்டு தட்டு பழைய சோறு இரண்டு தட்டு சோறுதான்.

பாகற்காய் ஜூஸ் குடித்துவிட்டு மாத்திரையை நிறுத்திய அண்ணனுக்கு: தயவுசெய்து நாளைக்கே கிளினிக் போங்கள். வேறு எதுவும் சொல்ல மாட்டேன்.

ஆகஸ்ட் 17

தட்டுக்கு வருவோம்.

கிளினிக் சுவரில் ஒட்டியிருக்கும் படம் எல்லாரும் பார்த்ததுதான், ‘சுக்கு சுக்கு செபாரோ’. தட்டில் கால் பாகம் சோறு, கால் பாகம் மீனோ கோழியோ பருப்போ, பாதிக்குக் காய்கறியும் பழமும். படத்தில் பார்க்க எளிது. வீட்டில் என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

முதலில் நான் ஒரு முட்டாள்தனமான ஆம்பிளை மாதிரி மனைவியிடம் ‘நாளையிலிருந்து எனக்குச் சோறு கம்மி, காய் நிறைய’ என்று உத்தரவு போட்டேன். அவர் காலையில் ஐந்து மணிக்கு எழுந்து பிள்ளைகளுக்குக் கட்டிக் கொடுத்து, அம்மாவுக்கு ஊசி போட்டு, வேலைக்கும் போகிறவர். கூடுதலாக இரண்டு காய் யார் நறுக்குவது? என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை, மறுநாள் ஒரு கட்டு கங்குங் கீரையைக் கழுவாமல் அப்படியே மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். சரி, புரிந்தது.

இப்போது இரவு காய் நறுக்குவது என் வேலை. டிவி பார்த்துக்கொண்டே கச்சாங் பாஞ்சாங் (நீளக் காராமணி), கோஸ், காரட், பாயாம் கீரை என்று டப்பா டப்பாவாக வைத்துவிடுகிறேன். காலையில் அவர் பூண்டும் மிளகாயும் போட்டு ஒரு புரட்டுப் புரட்டினால் முடிந்தது. கேமரன் மலைக் காய் சிம்பாங் பூலாய் வழியாக இறங்கி வரும், பாசார் மாலாமில் (இரவுச் சந்தை) கடை கட்டும் நேரத்துக்குப் போனால் விலையும் இறங்கும். சாப்பாட்டைத் திருத்துவது பற்றி ஆயிரம் பேர் எழுதுகிறார்கள், யார் நறுக்குவது என்று ஒருவரும் எழுதுவதில்லை. எனக்குத் தெரிந்து எங்கள் வீட்டில் நிலைத்த மாற்றம் இது ஒன்றுதான்.

சோற்றைப் படத்தில் இருக்கிற மாதிரி கால் பாகமாகக் குறைக்க எனக்கு முடியவில்லை. செய்தது என்னவென்றால் வரிசையை மாற்றினேன். முதலில் காய், அப்புறம் மீன், சோறு கடைசி. காய்கறியும் புரதமும் முதலில் உள்ளே போனால் சாப்பிட்டபின் சுகர் ஏறும் வேகம் குறைகிறது என்பது நிறையப் பேரிடம் சோதித்துப் பார்த்த விஷயம். எனக்கு அதில் கிடைத்த லாபம் வேறு. சோற்றுக்கு வரும்போது வயிறு பாதி நிறைந்திருக்கும், ரசத்துக்கு இரண்டாம் முறை கை நீளுவதில்லை. அம்மாவுக்குத்தான் இது பிடிக்கவில்லை. ‘வெறுங்கறிய தின்னுட்டு சோத்துல என்னத்தப் பெசஞ்சு சாப்பிடுவே?’ என்று கேட்கிறார். நியாயமான கேள்விதான், அதனால் கொஞ்சம் குழம்பை மிச்சம் வைத்துக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 18

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு மனைவி ‘டிவி பார்த்துக்கொண்டே நறுக்குவதால் காரட் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சைஸ்’ என்று இங்கே பதிவு செய்யச் சொன்னார். பதிவு செய்துவிட்டேன்.

செப்டம்பர் 6

தைப்பிங் தம்பி, இரவு ஷிப்ட் வாரத்தில் என்ன சாப்பிடுவது என்று கேட்டதற்கு யாருமே பதில் சொல்லவில்லை, எல்லாரும் சோற்றிலேயே நிற்கிறார்கள்.

மில் ராத்திரியும் ஓடும், குலை முடியும் வரை, அதனால் எனக்கும் கொஞ்சம் தெரியும். நடு ராத்திரி இரண்டு மணிக்கு உடம்பு இன்சுலினுக்குச் சரியாகக் கேட்பதில்லை. பகலில் சாப்பிடும் அதே தட்டை அந்த நேரத்தில் சாப்பிட்டால் சுகர் கூடுதலாக ஏறும், அதிக நேரம் நிற்கும். ஷிப்ட் வேலை செய்பவர்களுக்கு நீரிழிவு அதிகம் வருவதற்குத் தூக்கக் கேட்டோடு இதுவும் ஒரு காரணம். ஆகவே பெரிய சாப்பாட்டை வேலைக்குப் போகும் முன் வீட்டில் முடித்துவிடு. ராத்திரிக்கு அவித்த முட்டை, கடலை, ஒரு கொய்யா இந்த மாதிரி ஏதாவது பொட்டலம் கட்டிக்கொண்டு போ. தொழிற்சாலைக் கேண்டீனில் அந்த நேரத்தில் வறுத்த நூடுல்ஸான மீ கோரெங்கைத் தவிர என்ன இருக்கப்போகிறது?

உன் ஆபத்து இரண்டு மணி இல்லை, காலை ஏழு மணி. ஷிப்ட் முடிந்து கூட்டாளிகளோடு நாசி லெமாக்கும் (தேங்காய்ப்பால் சோறு) தே தாரிக்கும் அடித்துவிட்டு நேராகப் போய்ப் படுப்பதுதான். எழுதியிருக்கிறாய், ‘அது ஒன்றுதான் சந்தோஷம்’ என்று. அந்தச் சந்தோஷத்தை விடச் சொல்ல மாட்டேன், கூட்டாளிகளோடு உட்காரு. நாசி லெமாக் சின்னப் பொட்டலம் ஒன்று, தண்ணிக்கு தே ஓ கோசோங், பாலும் சீனியும் இல்லாத தேத்தண்ணி. முதல் வாரம் வாயில் வைக்க முடியாது, கஷாயம் மாதிரி இருக்கும். அப்புறம் ஒரு நாள் யாராவது கெட்டிப்பால் போட்டதைக் கொடுத்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும், அப்போது உனக்கே தெரியும்.

செப்டம்பர் 21

புரட்டாசி பிறந்துவிட்டது, ஊரே சைவம். ‘இந்த ஒரு மாதம் போதும்ணே, உடம்பு சுத்தமாயிடும்’ என்று பக்கத்து லோரிக்காரர் சொல்கிறார். அவர் நேற்று மதியம் என்ன சாப்பிட்டார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். தட்டு நிறையச் சோறு, சைவ மட்டன் பிரட்டல், பொரித்த சைவக் கோழி, சைவ மீன் சம்பால், மேலே அப்பளம் நாலு. சோயாவும் கோதுமைப் பசையும் சேர்த்துச் செய்த பொருள், எண்ணெயில் முக்கி எடுத்தது, உப்பு கொஞ்ச நஞ்சம் இல்லை. பெருமாளுக்காக ஆடு கோழியை விட்டார், எண்ணெயையும் உப்பையும் விடவில்லை. உப்பு ஒரு நாளைக்கு 5 கிராம், ஒரு தேக்கரண்டிதான் வரம்பு, அந்தச் சம்பாலிலேயே எவ்வளவு போயிருக்கும்.

எண்ணெய் பற்றிப் பேச்சு வந்ததால்: மானியப் பாக்கெட் எண்ணெய் கிலோ 2 வெள்ளி (ரிங்கிட்) 50 காசு. மலிவாக இருப்பதால் தாராளமாக ஊற்றுகிறோம், அப்புறம் வீணாக்கக் கூடாது என்று கறுத்துப்போகும் வரை அதிலேயே பொரிக்கிறோம். இரண்டுமே நம் பழக்கம்.

சைவம் கெட்டது என்று சொல்லவில்லை, யாரும் சண்டைக்கு வர வேண்டாம். பருப்பு, தெம்பே, தவ்ஃபூ, முருங்கைக்கீரை, பூசணிக்காய் என்று சாப்பிட்டால் புரட்டாசி மாதிரி நல்ல மாதம் இல்லை. எங்கள் அம்மா அப்படித்தான் இருக்கிறார். அந்த பாக்கெட் மட்டனைப் பார்த்தால் ‘மாமிசம் வேணும்னா மாமிசத்தையே தின்னுங்களேன்’ என்பார்.

அக்டோபர் 5

இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. எச்பிஏ1சி, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதச் சுகரின் சராசரியைக் காட்டும் அளவு, 6.1 விழுக்காட்டிலிருந்து 5.8. இங்கே 6.3-ஐத் தொட்டால் நீரிழிவு, 5.7-க்குக் கீழே சரியான அளவு. ஆக இன்னும் எல்லைக்குள்தான் நிற்கிறேன், வெளியே வரவில்லை. எடை நாலு கிலோ இறங்கியிருக்கிறது, பேன்ட் லூசாகவில்லை, மகள் கவனிக்கவும் இல்லை. கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி மூன்று மணி நேரம் உட்கார்ந்தேன், உட்கார்ந்த நேரத்தில் ஒன்றும் குடிக்கவில்லை, அதை மட்டும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்லத் தெரியாது. என் கணிப்பு, பாதிக்கு மேல் இனிப்புத் தண்ணியைக் குறைத்ததுதான். சாப்பிட்டபின் மில் வளாகத்தைச் சுற்றி ஒரு நடை நடக்கிறேன், அதுவும் கொஞ்சம் உதவும். லோரிக்குள் ஒரு பெரிய போத்தலில் வெறும் தண்ணீர், கூடவே புந்தோங் கச்சாங் பூத்தே கடையில் வாங்கிய வறுத்த கொண்டைக்கடலை ஒரு டப்பா. காத்திருக்கும்போது வாய்க்கு ஏதாவது வேலை வேண்டும், வேலை கொடுத்தால் அது கத்துவதில்லை.

வெள்ளிக்கிழமை ராத்திரி மாமாக் கடை இன்னும் விடவில்லை. கெட்டிப்பால் போட்டதுதான். அதை விடப்போவதாகவும் இல்லை, யாரும் எழுத வேண்டாம்.

அக்டோபர் 6

குளுக்கோமீட்டர் வாங்கலாமா என்று மூன்று பேர் கேட்கிறார்கள். மருந்து சாப்பிடுபவர்கள் கிளினிக்கில் சொல்கிறபடி கேளுங்கள். என்னைப் போல எல்லையில் நிற்பவர்கள் கொஞ்ச நாள் வைத்துப் பார்க்கலாம், மெஷின் மலிவு, ஸ்டிரிப்தான் விலை. சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பாருங்கள். 7.8-க்குக் கீழே வந்தால் நிம்மதி, 11 தாண்டினால் மெஷினோடு விளையாடாமல் டாக்டரிடம் போங்கள். என் மெஷின் எனக்குச் சொன்ன ஒரே புதுச் செய்தி: வீட்டுத் தோசை இரண்டும் சாம்பாரும் சாப்பிட்டால் வருவதைவிட, சோறே இல்லாமல் மீ கோரெங்கும் சிராப் தண்ணியும் (சர்க்கரைப் பாகு கலந்த பானம்) சாப்பிட்ட அன்று எண் மேலே நிற்கிறது. ‘இந்தியர் சாப்பாடுதான் காரணம்’ என்ற வாதத்துக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள்.

அக்டோபர் 12

தீபாவளி அடுத்த வாரம். இங்கே பேச்சு முறுக்குக்குப் போய்விட்டது, எதிர்பார்த்ததுதான். ஓவனில் முறுக்கு சுடலாமா என்று கேட்ட கூலிம் தங்கைக்கு: சுடலாம், முறுக்கு என்று மட்டும் சொல்லாதே. வருடத்துக்கு ஒருமுறை சுடுவதை எண்ணெயிலேயே சுடு. ஆனால் எங்கள் வீட்டில் தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பே ‘பதம் பார்க்கிறேன்’ என்று தொடங்கி, தீபாவளி முடிந்து கார்த்திகை வரை டின் காலியாகாது. அந்த இரண்டு ஓரத்தையும் வெட்டினால் போதும், நடுவில் இருக்கிற நாளை விட்டுவிடுங்கள்.

வருகிறவர்களுக்கு ஆரஞ்சு போத்தல் தண்ணி கொடுப்பதற்குப் பதிலாக எலுமிச்சம்பழத் தண்ணி வைக்கலாமா என்று தாப்பா அக்கா. வையுங்கள் அக்கா, சர்க்கரையைத் தனியாக ஒரு கிண்ணத்தில் வைத்துவிடுங்கள், வேண்டியவர்கள் போட்டுக்கொள்ளட்டும்.

அக்டோபர் 14

மரவள்ளி இலை எப்படிச் செய்வது என்று ஆகஸ்டிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

கொழுந்து இலை மட்டும். முற்றின இலை வேண்டாம். தண்டைக் கிள்ளிவிட்டு நிறையத் தண்ணீரில் மூடி போடாமல் நன்றாக வேகவைக்க வேண்டும். பச்சையாகவோ அரை வேக்காடாகவோ சாப்பிடவே கூடாது, அதில் சயனைடு நஞ்சு இருக்கிறது, வெந்த தண்ணீரைக் கட்டாயம் கொட்டிவிட வேண்டும். அப்புறம் இலையைப் பிழிந்து பொடியாக அரிந்துகொள்ளுங்கள். சட்டியில் ஒரு கரண்டி எண்ணெய், கடுகு, சின்ன வெங்காயம், காய்ந்த மிளகாய், கழுவி வைத்த நெத்திலி ஒரு கைப்பிடி. நெத்திலி மொறுமொறு என்று ஆனதும் இலையைப் போட்டுப் புரட்டி, வேகவைத்த பருப்பு இரண்டு கரண்டி சேர்த்து இறக்கிவிடுங்கள். உப்பை நெத்திலியே பார்த்துக்கொள்ளும். நெத்திலி இருப்பதால் புரட்டாசி முடிந்த பிறகு செய்யுங்கள், மூன்று நாள்தான் இருக்கிறது.

ஜப்பான்காரன் காலத்தில் பாட்டி வீட்டில் கிழங்கையும் இலையையும் தின்றே பிழைத்தார்களாம், அதனால் பாட்டி சாகும் வரை இதைத் தொடவில்லை. அம்மாவுக்கு இது உயிர். தேங்காய்ப்பால் ஊற்றலாமா என்று கேட்டேன், ‘ஊத்துனா நல்லாத்தான் இருக்கும், நீ ஊத்தாத’ என்கிறார். பெலாச்சான் (இறால் பசை) போடலாமா என்று கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை, முறைக்கிறார்.